இசைக் கேள்வி பதில்: ராபர்ட் பிளாண்ட் ஏன் பழைய வீட்டுக்குத் திரும்பவில்லை?

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். லெட் ஜெப்பலின் என்ற ராக் குழுவின் ஆல்பங்களை விட, அந்தக் குழு கலைந்த பிறகு அதன் பாடகர் ராபர்ட் பிளாண்ட் போட்ட ஆல்பங்களைத்தான் இப்போதெல்லாம் அதிகம் கேட்கிறேன் என்று. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதி திட்டு, பாதி சந்தேகம். திட்டுகளைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். சந்தேகங்களுக்கு மட்டும் இந்த வாரம் பதில்.

கே: சார், எனக்கு லெட் ஜெப்பலின் நன்றாகத் தெரியும். பிளாண்ட் தனியாகப் பாடியது ஒன்றுகூடத் தெரியாது. அந்தக் கதை எங்கே தொடங்குகிறது? (திருநெல்வேலி வாசகர்)

ப: இரண்டு தடவை தொடங்கியது. முதல் தடவை யாரும் கவனிக்கவில்லை. ஆள் 1948-ல் இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச்சில் பிறந்தவர். பதினெட்டு வயதிலேயே சிபிஎஸ் இசைத்தட்டுக் கம்பெனி ஒப்பந்தம் போட்டுவிட்டது. 1967-ல் தன் பெயரில் இரண்டு சிங்கிள் வெளியிட்டார், அதில் 'அவர் சாங்' (Our Song) என்பது ஓர் இத்தாலியப் பாட்டுக்கு இங்கிலீஷ் வரி போட்டது. பின்னால் பெரிய ஆர்கெஸ்ட்ரா, முன்னால் இந்தப் பையன் கோட் போட்டுக்கொண்டு உருகுகிறான். இரண்டும் விற்கவில்லை. அடுத்த வருஷம் கிடாரிஸ்ட் ஜிம்மி பேஜ் லெட் ஜெப்பலின் என்று ஆகப்போகிற புதுக் குழுவுக்குப் பாடகர் தேடினார், முதலில் கேட்ட ஆள் முடியாது என்று சொல்லி பிளாண்டைக் கைகாட்டினார், பிளாண்ட் தன்னோடு 'பேண்ட் ஆஃப் ஜாய்' குழுவில் இருந்த டிரம்மர் ஜான் பான்ஹமை இழுத்து வந்தார், மீதிக் கதை உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது தொடக்கம் சாவில் வந்தது. 1980 செப்டம்பர் 25 அன்று பான்ஹம் இறந்தார். டிசம்பர் 4-ம் தேதி குழு ஒரு சின்ன அறிக்கை விட்டது, இனி தொடர முடியாது என்று. பிளாண்டுக்கு அப்போது 32 வயது. உலகத்திலேயே அதிகம் விற்கிற ராக் குழுக்களில் ஒன்றின் பாடகராக இருந்தவருக்கு ஒரே நாளில் வேலையும் இல்லை, ஊர்க்கார நண்பனும் இல்லை. ஒன்றரை வருஷம் கழித்து 1982-ல் 'பிக்சர்ஸ் அட் இலெவன்' வந்தது. அதிலிருந்து 2017-ல் வந்த 'கேரி ஃபயர்' வரை எண்ணினால் தனி ஆல்பம் மட்டும் பதினொன்று. பேஜோடு இரண்டு, அலிசன் கிராஸோடு இரண்டு, 2025-ல் சூஸி டயனோடு ஒன்று, இவை தனிக்கணக்கு.

கே: முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தது பில் காலின்ஸ் என்று நண்பன் பந்தயம் கட்டுகிறான். உண்மையா? (ஈரோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

ப: பணத்தைக் கொடுத்துவிடுங்கள். முதல் ஆல்பத்தில் இரண்டு பாட்டு கோஸி பவல் வாசித்தது, மீதி எல்லாம் காலின்ஸ். இரண்டாவது ஆல்பமான 'தி பிரின்சிபிள் ஆஃப் மொமென்ட்ஸ்' (1983) ஆல்பத்திலும் பெரும்பாலான பாட்டுக்கு அவர்தான். அது மட்டுமில்லை, அந்த வருஷம் பிளாண்ட் அமெரிக்கா சுற்றியபோது கூடவே போய் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்தார். அப்போது காலின்ஸ் சாதாரண ஆள் கிடையாது, தன் பெயரிலேயே ஹிட் கொடுத்து நட்சத்திரமாகிவிட்டவர். பான்ஹம் உட்கார்ந்த இடத்தில் யார் உட்கார்ந்தாலும் ஒப்பிட்டுத்தான் பேசுவார்கள் என்று தெரிந்தும் வந்து உட்கார்ந்தார் பாருங்கள், அதற்காகவே அவர் மேல் எனக்கு ஒரு மரியாதை.

இந்த இரண்டு ஆல்பமும் பதிவானது வேல்ஸில் ராக்ஃபீல்டு ஸ்டூடியோவில். பண்ணை வீட்டை ஸ்டூடியோவாக மாற்றிய இடம். கிடார் ராபி பிளண்ட். பேஜ் மாதிரி வாசிக்கச் சொல்லி யாராவது கேட்டிருந்தால் ஓடியே போயிருப்பார், அப்படி ஒரு மென்மையான கை. 'பிக் லாக்' கேளுங்கள். ராத்திரி நெடுஞ்சாலையில் தனியாகக் கார் ஓட்டுகிறவனின் பாட்டு. தாளம் மெதுவாக, ஒரே சீராக, சாலையின் வெள்ளைக்கோடு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். அதன் மேல் அந்தக் கிடார் ஒரு வரி சொல்லிவிட்டு நிற்கும், பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி. பிளாண்ட் அவசரப்படாமல், கிட்டத்தட்ட முணுமுணுப்பாக நுழைவார். பத்து வருஷம் முன்பு இதே ஆள் என்றால் முதல் வரியிலேயே கூரையைப் பிய்த்திருப்பார். பாட்டின் தலைப்பு பாட்டுக்குள் எங்கேயும் வராது என்பது இன்னொரு வேடிக்கை.

அந்த சுற்றுப்பயணத்தில் ஒரு ஜெப்பலின் பாட்டுகூடப் பாடவில்லை. ஒன்றுகூட. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் கத்திப் பார்த்தார்கள், அவர் மசியவில்லை.

கே: 'ஷேக்கன் அண்ட் ஸ்டர்ட்' ஆல்பத்தை ஏன் யாரும் பேசுவதே இல்லை? (சேலம்)

ப: 1985-ல் சிந்தசைசர் வாங்கிய எல்லாருக்கும் நடந்ததுதான் அவருக்கும் நடந்தது. 'லிட்டில் பை லிட்டில்' மட்டும் நன்றாக இருக்கும். மீதியைக் கேட்டால் புதுசாக வாங்கிய மிக்ஸியில் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு அரைத்த மாதிரி இருக்கும். ஆனால் ஒன்று, தப்பாகப் போனாலும் பழசைப் போய் நக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காக நான் அதை வீட்டில் வைத்திருக்கிறேன், கேட்பதில்லை.

கே: 'டால் கூல் ஒன்' பாட்டில் ஜெப்பலின் இசையை அப்படியே வெட்டி ஒட்டியிருக்கிறார்களே, அது திருட்டு இல்லையா? (புதுச்சேரி)

ப: தன் வீட்டு உண்டியலை உடைத்தால் திருட்டாகுமா? கதை என்னவென்றால், பீஸ்டி பாய்ஸ் என்ற ராப் குழு 1986-ல் போட்ட முதல் ஆல்பத்தில் பான்ஹமின் டிரம்ஸ், பேஜின் கிடார் எல்லாவற்றையும் கேட்காமலே எடுத்துப் போட்டு லட்சக்கணக்கில் விற்றார்கள். பிளாண்ட் அதைப் பார்த்துவிட்டு, ஊரான் எடுக்கலாம், நான் எடுக்கக் கூடாதா என்று 1988-ல் வந்த 'நௌ அண்ட் ஜென்' ஆல்பத்தின் இந்தப் பாட்டில் 'ஹோல் லாட்டா லவ்', 'பிளாக் டாக்', 'தி ஓஷன்' என்று நாலைந்து பாட்டிலிருந்து துண்டு துண்டாக எடுத்துச் செருகினார். போதாக்குறைக்கு அதே பாட்டில் ஜிம்மி பேஜையே கூப்பிட்டு கிடார் வாசிக்கவும் வைத்தார். அதாவது நிஜப் பேஜும் வெட்டி ஒட்டிய பேஜும் ஒரே பாட்டில். அப்புறம் அந்தப் பாட்டு கோக கோலா விளம்பரத்துக்குப் போனது, அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஆல்பம் சரியாக ஓடியது, அமெரிக்காவில் முப்பது லட்சத்துக்கு மேல் போனது. கீபோர்டு வாசித்த ஃபில் ஜான்ஸ்டன் என்ற இளைஞர்தான் அந்த ஆல்பத்தின் பாதி மூளை. ஜெப்பலின் பாட்டுகளை மேடையில் மறுபடி பாடினால் தப்பில்லை என்று பிளாண்ட் இளகியதும் அந்தக் காலத்தில்தான்.

கே: மகன் இறந்ததைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறதாமே. (பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் ஒரு தாய், தஞ்சாவூர்)

ப: இருக்கிறதம்மா. 1977-ல் அவர் அமெரிக்காவில் கச்சேரி சுற்றிக்கொண்டிருந்தபோது ஐந்து வயது மகன் கேரக் வயிற்று நோய்த்தொற்றில் இறந்தான். தகவல் தொலைபேசியில்தான் வந்தது. ஜெப்பலினோடு பாடி 1979-ல் வெளிவந்த 'ஆல் மை லவ்' அவனுக்காக. அவன் இறந்து பதினாறு வருஷம் கழித்து 1993-ல் 'ஃபேட் ஆஃப் நேஷன்ஸ்' ஆல்பத்தில் 'ஐ பிலீவ்' பாடினார், அதுவும் அவனுக்காகத்தான். முதல் பாட்டில் துக்கம் பச்சையாக இருக்கும். இரண்டாவதில் மகனோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். நீங்கள் இரண்டாவதையே கேளுங்கள்.

கே: 1994-ல் பேஜும் பிளாண்டும் சேர்ந்தார்களே, அப்போது பாஸ் வாசித்த ஜான் பால் ஜோன்ஸை ஏன் கூப்பிடவில்லை? (கோயம்புத்தூர்)

ப: கூப்பிடவில்லை என்பதுதான் தெரியும். ஜோன்ஸுக்கே பத்திரிகை பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது என்பார்கள். போதாக்குறைக்கு அந்த ஆல்பத்துக்கு 'நோ குவார்ட்டர்' என்று ஒரு பழைய ஜெப்பலின் பாட்டின் பெயரையே வைத்தார்கள். அந்தப் பாட்டின் உயிரே ஜோன்ஸின் கீபோர்டு! மனுஷன் சண்டைக்குப் போகவில்லை. 1995 ஜனவரியில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவில் மூவரும் ஒரே மேடையில் நின்றபோது மைக்கைப் பிடித்து, என் போன் நம்பரை ஒருவழியாக ஞாபகம் வைத்துக்கொண்டதற்கு நண்பர்களுக்கு நன்றி என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் முகத்தையும் அந்த வீடியோவில் பாருங்கள்.

ஆனால் ஆல்பம் நல்ல ஆல்பம். எகிப்திய வாத்தியக்காரர்களை ஹொஸ்ஸாம் ரம்ஸி நடத்த, பழைய ஜெப்பலின் பாட்டான 'காஷ்மீர்' கடைசியில் ஒரு பெரிய ஊர்வலமாகவே ஆகிவிடும். 'தி பேட்டில் ஆஃப் எவர்மோர்' பாட்டில் நஜ்மா அக்தர் பாடியிருப்பார். மொராக்கோவில் மராகேஷ் நகரத்துக்குப் போய் உள்ளூர் ஆட்களோடு உட்கார்ந்து பதிவு செய்ததும் இதில் உண்டு. அடுத்து 1998-ல் 'வாக்கிங் இன்டு கிளார்க்ஸ்டேல்', முழுக்க புதுப் பாட்டு, ஒலிப்பதிவு ஸ்டீவ் அல்பினி. அதில் 'மோஸ்ட் ஹை' பாட்டுக்கு சிறந்த ஹார்டு ராக் கிராமி விருது கிடைத்தது. அதே ஆல்பத்தில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு பாட்டு இருக்கிறது, 'பிளீஸ் ரீட் தி லெட்டர்'. அதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வருகிறேன்.

கே: அதற்கப்புறம் ஏன் பேஜோடு தொடரவில்லை? (அதே கோயம்புத்தூர், பின்குறிப்பில்)

ப: அலுத்துவிட்டது. பெரிய அரங்கம், பெரிய லாரி, பெரிய எதிர்பார்ப்பு. 1999-ல் அவர் செய்த வேலையைக் கேளுங்கள்: பழைய ஊர் நண்பர் கெவின் காமண்டைச் சேர்த்துக்கொண்டு 'பிரயரி ஆஃப் பிரையன்' என்று ஒரு குழு தொடங்கி, சின்னச் சின்னக் கூடங்களில், நூறு இருநூறு பேர் முன்னால், அறுபதுகளின் பாட்டுகளைப் பாடிக்கொண்டு திரிந்தார். ஆல்பம் போடவில்லை. அங்கிருந்து வந்ததுதான் 2002-ன் 'ட்ரீம்லேண்ட்'. பெரும்பாலும் அடுத்தவர் பாட்டு. டிம் பக்லியின் 'சாங் டு தி சைரன்' அதில் ஒன்று, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டியது.

கே: 'காஷ்மீர்' பாட்டை காஷ்மீரில் வைத்தா எழுதினார்? அவருக்கும் இந்தியாவுக்கும் என்ன தொடர்பு? (மதுரை வாசகி)

ப: காஷ்மீரை அவர் பார்த்ததே இல்லை, எழுதும்போது. தெற்கு மொராக்கோவில், இரண்டு பக்கமும் மணல், நடுவில் முடிவே இல்லாத ஒற்றைச் சாலை, அதில் கார் ஓட்டிக்கொண்டு போனபோது வந்த வரிகள்.

இந்தியாவுக்கு வந்திருக்கிறார். 1972 அக்டோபரில் பேஜும் அவரும் பம்பாயில் இறங்கி, உள்ளூர் இசைக்கலைஞர்களை வைத்து 'ஃப்ரெண்ட்ஸ்', 'ஃபோர் ஸ்டிக்ஸ்' என்ற ஜெப்பலின் பாட்டுகள் இரண்டையும் பதிவு செய்தார்கள். நம் ஆட்களுக்கு ராக் புதுசு, அவர்களுக்கு நம் தாளக்கணக்கு புதுசு. அந்த டேப் நாற்பது வருஷத்துக்கு மேல் பெட்டியிலேயே கிடந்து, 2015-ல் ஜெப்பலினின் 'கோடா' ஆல்பத்தின் புதுப்பதிப்பில்தான் வெளியே வந்தது. முழுமையானது என்று சொல்ல மாட்டேன், ஒத்திகையை ஒட்டுக்கேட்கிற சுகம் அதில் உண்டு.

கே: ஆப்பிரிக்க வாத்தியம், அரபு வாத்தியம் என்று எடுத்துப் போடுவது வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்குதானே? ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்கிறார்கள். (சென்னையிலிருந்து கோபமாக ஒருவர்)

ப: பலபேர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. இவர் விஷயத்தில் பாதி சரி என்று வைத்துக்கொள்ளலாம். எழுபதுகளில் இவரும் அப்படித்தான், போன இடத்தில் கேட்ட ராகத்தை மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர். அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 2003 ஜனவரியில் மாலி நாட்டில் திம்புக்டுவுக்குப் பக்கத்தில் எஸ்ஸகேன் என்ற இடத்தில், பாலைவன மணலில் நடந்த விழாவுக்குப் போய்ப் பாடினார். கூடப் போன கிடாரிஸ்ட் ஜஸ்டின் ஆடம்ஸ் அதற்கு முன்பே சஹாராவில் வாழும் துவாரெக் இனத்தவரின் குழுவான தினாரிவெனின் ஆல்பத்தைத் தயாரித்தவர், அந்த மண்ணோடு பழகினவர். அங்கிருந்து வந்த பின் 2005-ல் போட்ட 'மைட்டி ரீஅரேஞ்சர்' ஆல்பத்தில் பாலைவனக் கிடாரை மேலே தூவியிருக்க மாட்டார்கள், பாட்டே அந்தத் தாளத்தில் நடக்கும்.

2014-ல் வந்த 'லல்லபை அண்ட் தி சீஸ்லெஸ் ரோர்' ஆல்பத்தின் முதல் பாட்டையும் கேளுங்கள், 'லிட்டில் மேகி'. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பக்கத்து நாட்டுப்பாட்டு, பேன்ஜோ வைத்துப் பாடுவது. இதில் காம்பியா நாட்டைச் சேர்ந்த ஜுல்டே கமாரா, ரிட்டி என்கிற ஒற்றைத் தந்தி வயலினை வாசிக்கிறார். ஒரே ஒரு தந்திதான். அது பாட்டுக்கு நடுவில் அறுக்கிற மாதிரி குறுக்கே வந்து போகும்போது, பேன்ஜோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பலில் வந்த வாத்தியம்தான் என்பது உறைக்கும். பாட்டின் தாய்வீட்டு ஆளைக் கூப்பிட்டு நடுவீட்டில் உட்கார வைத்திருக்கிறார். ஊறுகாய் என்று இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கே: அலிசன் கிராஸோடு பாடிய ஆல்பத்துக்கு அப்படி என்ன மகிமை? என் மாமா அதைப் போட்டால் வீட்டில் ஒருத்தரையும் பேச விடமாட்டார். (நாகர்கோவில், பிளஸ் டூ மாணவி)

ப: மாமாவுக்கு என் வணக்கம்.

2004-ல் கிளீவ்லேண்டில் லெட் பெல்லி என்ற பழைய ப்ளூஸ் பாடகரின் நினைவுக் கச்சேரி. அங்கேதான் இருவரும் முதன்முதலாகச் சேர்ந்து பாடினார்கள். கிராஸ், ப்ளூகிராஸ் என்கிற அமெரிக்க நாட்டுப்புற இசைவகையின் பாடகி, ஃபிடில் வாசிப்பவர், சின்ன வயதிலிருந்து கூட்டுக்குரலில் வளர்ந்தவர். பிளாண்ட் வாழ்க்கை முழுக்க ஒற்றைக்குரல், தோன்றினபடி பாடுகிறவர், ஒரு தடவை பாடின மாதிரி அடுத்த தடவை பாடமாட்டார். கூட்டுக்குரலில் அது ஆகாது. நீங்கள் எங்கே மூச்சு விடுவீர்கள், எந்த எழுத்தை இழுப்பீர்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்தால்தான் அவர் உங்களோடு ஒட்ட முடியும். இவரோ ஒவ்வொரு டேக்கிலும் வேறு மாதிரி பாட, அந்தப் பெண் இன்னொரு தடவை, அதே மாதிரி, என்று சொல்ல, ஐம்பத்தெட்டு வயதில் மனுஷன் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 'ரெய்சிங் சாண்ட்' 2007 அக்டோபரில் வந்தது. தயாரிப்பு டி போன் பர்னட்.

மேலே ஞாபகம் வைக்கச் சொன்னேனே, 'பிளீஸ் ரீட் தி லெட்டர்'. அது இதிலும் இருக்கிறது. முதலில் 1998 பதிவைக் கேளுங்கள். கிடார் நெருக்கமாக அடித்துக்கொண்டே இருக்கும், பிளாண்ட் அதற்கு மேலே ஏறிப் பாட வேண்டியிருக்கும், அதனால் கடிதத்தைப் படி, படி என்று கதவைத் தட்டுகிற மாதிரி ஒலிக்கும். அப்புறம் 2007 பதிவு. முந்தையதை விட ஒரு நிமிடத்துக்கு மேல் நீளம், வேகம் குறைவு, டிரம்ஸ் தோல் தளர்ந்த மாதிரி 'தொம்' என்று கனமாக விழும், அடுத்த அடி வருவதற்குள் நிறைய இடம். அந்த இடத்தில் இரண்டு குரலும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு மெதுவாக நடக்கும், கிராஸின் குரல் ஒரு நூல் மேலே. இப்போது யாரும் கதவைத் தட்டவில்லை. கடிதத்தைக் கதவில் செருகிவிட்டு, படித்தால் சரி, படிக்காவிட்டாலும் சரி என்று படியிறங்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதே வரி, அதே மெட்டு. நான் மூன்று மாதம் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டு, வீட்டில் ஹெட்போன் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

2009 பிப்ரவரி கிராமியில் இந்த ஆல்பத்துக்கு ஐந்து விருது, வருடத்தின் சிறந்த ஆல்பம் உட்பட. வருடத்தின் சிறந்த பதிவு எது தெரியுமா? பத்து வருஷம் முன்பு யாரும் திரும்பிப் பார்க்காத அதே கடிதப் பாட்டு. ஜெப்பலின் காலத்தில் அவர் குழுவுக்கு ஒரு கிராமிகூடக் கிடைத்ததில்லை என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கே: 2007-ல் லண்டனில் ஜெப்பலின் ஒரே ஒரு கச்சேரிக்குச் சேர்ந்தது. பிறகு உலகச் சுற்றுப்பயணம் போயிருந்தால் கோடி கோடியாகக் கொட்டியிருக்குமே. பிளாண்ட்தான் கெடுத்தார் என்கிறார்கள். (திருச்சி)

ப: ஆமாம், அவர்தான் கெடுத்தார். நல்ல வேளை.

தேதியைப் பாருங்கள். 'ரெய்சிங் சாண்ட்' வந்தது அக்டோபர் கடைசி. ஓ2 அரங்கில் ஜெப்பலின் கச்சேரி டிசம்பர் 10. இருபதாயிரத்துக்கும் குறைவான இடத்துக்கு இரண்டு கோடி விண்ணப்பம் வந்ததாக அப்போது செய்தி. பான்ஹமின் மகன் ஜேசன் டிரம்ஸில். பிளாண்ட் குறை வைக்காமல் பாடினார், படம் பிடித்ததைப் பாருங்கள், அரைமனசாகப் பாடின ஒரு இடம் காட்ட முடியாது. மற்ற மூவரும் தொடரத் தயார். இவரோ அடுத்த வருஷம் அலிசன் கிராஸோடு, டபுள் பாஸும் ஃபிடிலும் வைத்துக்கொண்டு, ஜெப்பலின் ரசிகர்கள் தலையில் கைவைக்க, அமெரிக்கா சுற்றப் போய்விட்டார்.

இதற்குப் பதிலை முன்கூட்டியே பாட்டாக எழுதி வைத்திருந்தார் என்றே சொல்லலாம். 2005 ஆல்பத்தில் 'டின் பான் வேலி' என்று ஒன்று. பழைய புகழை வைத்தே பிழைக்கிற, வயதான பிறகும் கலகக்காரன் வேஷம் கட்டுகிற தன் சமகாலத்து ஆட்களை வெளிப்படையாகக் கிண்டல் செய்திருப்பார். அதை எழுதிவிட்டு அவரே போய் வேஷம் கட்டினால் நன்றாகவா இருக்கும்?

கே: 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டை அவரே வெறுக்கிறாரா? (வேலூர்)

ப: ஜெப்பலினின் அந்தப் பாட்டின் மேல் வெறுப்பு என்று சொல்ல முடியாது, தூரம். இருபத்தி மூன்று வயதுக்குள் எழுதின வரிகளை எழுபதிலும் நம்பிக்கையோடு பாடு என்றால் எப்படி? அமெரிக்காவில் போர்ட்லேண்ட் பக்கம் கார் ஓட்டிக்கொண்டு போனபோது ஒரு சின்ன ரேடியோ நிலையம், நன்கொடை கொடுங்கள், இனிமேல் 'ஸ்டேர்வே' போடவே மாட்டோம் என்று அறிவித்துக்கொண்டிருந்ததாம். இவரே போன் போட்டு நன்கொடை கொடுத்தார். சொன்னது அவரேதான்.

ஆனால் 2012-ல் கென்னடி சென்டர் விழாவில் ஹார்ட் குழு அதைப் பாடியபோது மேல் மாடத்தில் உட்கார்ந்திருந்த பிளாண்டின் கண்ணில் நீர் வந்ததை உலகமே பார்த்தது. ஓ2 கச்சேரிக்குப் பிறகு பதினாறு வருஷம் அந்தப் பாட்டை மேடையில் தொடாமலிருந்து, 2023 அக்டோபரில் ஒரு புற்றுநோய் நிதிக் கச்சேரியில் பாடினார். சின்னக் கூட்டம், கத்தல் இல்லை, சுருதியோடு சண்டை இல்லை.

கே: உண்மையைச் சொல்லுங்கள், அந்த உச்சஸ்தாயி போய்விட்டது, அதனால்தானே மெதுவாகப் பாடுகிறார்? (திண்டுக்கல்)

ப: போய்விட்டதுதான். எழுபது தாண்டினவருக்குப் போகாதா? ஆனால் கணக்கு உதைக்கிறது பாருங்கள். 'பிக் லாக்' பாடும்போது வயது 35கூட ஆகவில்லை, அப்போது தொண்டை கல் மாதிரி இருந்தது. அப்பவே குறைத்துப் பாடியிருக்கிறார். ஜெப்பலினின் முதல் ஆல்பத்தில் 'பேப் ஐ'ம் கோனா லீவ் யூ' பாட்டில் தன் பாட்டு இப்போது காதால் கேட்க முடியவில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும் என்று அவரே ஒரு பேட்டியில் நொந்துகொண்டிருக்கிறார். எனக்கென்னவோ அந்தப் பாட்டு அப்படியே பிடிக்கும், இது அவர் வீட்டு விவகாரம்.

இப்போது 'சேவிங் கிரேஸ்' என்று இங்கிலாந்தின் சின்ன ஊர்க்காரர்களோடு ஒரு குழு, பேன்ஜோ, செல்லோ, சூஸி டயன் என்ற பாடகி. 2019-லிருந்து சின்ன அரங்குகளாகப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்துவிட்டு, சாவகாசமாக 2025 செப்டம்பரில்தான் ஆல்பம் போட்டார்கள். அதில் பல இடத்தில் அவர் பின்பாட்டுக்காரர். முன்னால் அந்தப் பெண்.

கே: புதிதாகக் கேட்க நினைக்கிறவன் எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்? (ஓசூர்)

ப: 'ரெய்சிங் சாண்ட்'. பிடித்தால் அங்கிருந்து பின்னால் 'பிரின்சிபிள் ஆஃப் மொமென்ட்ஸ்' போங்கள், முன்னால் 'லல்லபை' போங்கள். ராக் சத்தம் குறைகிறதே என்று தோன்றினால் 'மைட்டி ரீஅரேஞ்சர்'. 'மானிக் நிர்வாணா'வைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், அவசரமில்லை.

கே: 1984-ல் வந்த 'தி ஹனிடிரிப்பர்ஸ்: வால்யூம் ஒன்' கேசட் என் அப்பாவிடம் இருந்தது. வால்யூம் டூ எங்கேயும் கிடைக்கவில்லை. உங்களிடம் இருக்கிறதா? (காரைக்குடி)

ப: உங்கள் அப்பாவுக்கு நல்ல ரசனை. மொத்தமே ஐந்து பாட்டு, எல்லாம் ஐம்பதுகளின் வாசனை. கிடாருக்கு பேஜ், ஜெஃப் பெக், நைல் ராட்ஜர்ஸ் மூன்று பேர். தயாரிப்பாளர் இடத்தில் 'நுகெட்ரே' என்று ஒரு விசித்திரப் பெயர் இருக்கும், இங்கிலீஷ் எழுத்தில் அதைத் திருப்பிப் படித்தால் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் முதலாளி அஹ்மெத் எர்டெகுன். அவருக்குப் பிடித்த பழைய பாட்டுகளை அவருக்காகவே பாடிக் கொடுத்த மாதிரி ஒரு விளையாட்டு. அதில் 'சீ ஆஃப் லவ்' அமெரிக்காவில் மூன்றாம் இடம் வரைக்கும் போய்விட்டது. ஜெப்பலின் பாடகர் கல்யாண மண்டபப் பாட்டு பாடி ஹிட் கொடுத்தார் என்று அவரே நெளிந்திருப்பார். மேலே சொன்ன ஓ2 கச்சேரிகூட எர்டெகுன் இறந்த பிறகு அவர் நினைவாக நடந்ததுதான்.

வால்யூம் டூ வரவே இல்லை. எனக்கும் அந்தக் காலத்தில் ஒரு கேசட் கடைக்காரர் அடுத்த மாசம் வந்துடும் சார் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.